பத்து எண்களின் சுற்று

என் மேசையில் எப்போதும் இரண்டு நோட்டுகள் இருக்கும். ஒன்று நாட்குறிப்பு. மற்றது, அமெச்சூர் ரேடியோ உரிமம் வைத்திருப்பவர்கள் கட்டாயம் எழுதவேண்டிய பதிவேடு. யாரோடு எத்தனை மணிக்குப் பேசினேன், எந்த அலைவரிசை, குரல் எவ்வளவு தெளிவாக வந்தது, எப்போது முடித்தேன் என்று ஒவ்வொரு பேச்சுக்கும் அதில் ஒரு வரி. பிழைப்புக்கு ஒரு நூல் மில்லில் ஸ்டோர் கீப்பர் வேலை பார்த்தேன். அலமாரியில் ஒரு பேரிங் இடம் மாறியிருந்தாலும் மனம் ஒப்பாத ஆள் நான். அப்படிப்பட்டவன் ஒரு ஐப்பசி வெள்ளிக்கிழமை செய்த ஒரு சிறு காரியம் அந்த இரண்டு நோட்டிலும் இல்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. சேலம் அஸ்தம்பட்டியில், ஏற்காடு ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எங்கள் வீடு. என் மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து உரிய அனுமதியோடு கொண்டுவந்து கொடுத்த புது செட் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. பழைய செட்டில் குமிழைக் கையால் திருகி ஒவ்வோர் இடமாகத் தேட வேண்டும். புதியதில் பத்து அலைவரிசைகளைப் பதிந்து வைக்கலாம். ‘ஸ்கேன்’ பொத்தானை அழுத்தினால் ஒன்று முதல் பத்து வரை தானே சுற்றி வரும். எங்காவது குரல் இருந்தால் நிற்கும். குரல் அடங்கியதும் ஐந்து விநாடி பொறுத்துவிட்டு மறுபடி கிளம்பும். இன்னொரு வசதியும் உண்டு. ஏதாவது ஓர் எண்ணில் வேண்டாத இரைச்சல் வந்து சுற்று அங்கேயே மாட்டிக்கொண்டால், அந்த எண்ணுக்கு ‘ஸ்கிப்’ போடலாம். பிறகு செட் அதைத் தொடாமல் தாண்டிவிடும். அதற்கு அடையாளம், எண்ணின் பக்கத்தில் கடுகளவு ஒரு புள்ளி.

பத்து எண்களையும் ஓர் அட்டையில் கட்டம் போட்டு எழுதி, செட்டுக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தேன். நான்காம் எண்ணுக்கு நேரே ‘கொல்லிமலை’ என்று இருக்கும்.

அந்த எண் என் நண்பருக்காக. சேந்தமங்கலத்தில் மருந்துக்கடை வைத்திருந்தார். என்னைவிட ஐந்து வயது இளையவர். அமெச்சூர்கள் வயது பார்க்காமல் ஒருவரையொருவர் ‘ஓ.எம்.’ என்று அழைத்துக்கொள்வது வழக்கம். பழைய ஆள் என்று அர்த்தம். நாங்களும் அப்படித்தான். அவரிடம் கையில் பிடிக்கிற சிறிய செட் ஒன்றே இருந்தது. ஊரிலிருந்து பேசினால் எனக்குக் கேட்காது. மலைமேல் ஏறினால் கேட்கும் என்று நான்தான் மாதக்கணக்கில் கடிதம் எழுதி அவரை உசுப்பினேன். கடையை மைத்துனரிடம் விட்டுவிட்டு அந்த வெள்ளிக்கிழமை பஸ் ஏறி மேலே போனார்.

மாலை ஆறு மணிக்கு நான்காம் எண்ணில் அவர் குரல், பக்கத்து அறையிலிருந்து பேசுவது போல வந்தது.

“சோளக்காட்டுல இருக்கேனுங்க ஓ.எம். தெரிஞ்சவங்க ஊடு. நாளைக்கு அக்கட்ட கோயில் பக்கம் போயி அங்கருந்து கேக்குதான்னு பாத்துட்டு, சாயங்காலம் பஸ்ஸுல எறங்கிருவேன். மழை புடிச்சிருக்குது.”

குரலின் தெளிவுக்கு முழு மதிப்பெண் போட்டுப் பதிவேட்டில் எழுதினேன். ஏழு மணிக்குப் பக்கத்து வீட்டில் டிவி போட்டார்கள். சேலத்துக்கு டிவி வந்த புதிது; படம் தெளிவாக விழுவதற்காக எல்லோரும் ஆண்டெனாவில் பூஸ்டர் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய பூஸ்டர் என் நான்காம் எண்ணில் ஓயாத உறுமலாக விழுந்தது. சுற்று அங்கேயே நின்று நின்று கிளம்பியது. நான்காம் எண்ணுக்கு ஸ்கிப் போட்டேன். டிவியை அணைத்ததும் எடுத்துவிடலாம் என்றிருந்தேன். மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள். எழுந்து போனேன். பக்கத்து வீட்டு பூஸ்டரைப் பற்றி அன்றைய நாட்குறிப்பில் நான்கு வரி இருக்கிறது. ஸ்கிப் போட்டதைப் பற்றி ஒரு சொல் இல்லை. பதிவேட்டில் பேசியதை எழுதுவதுதான் முறை. பேசாமல் பொத்தான் அழுத்தியதற்கு அங்கே கட்டமே கிடையாது.

சனிக்கிழமை முழுக்க மழை. மில்லில் சரக்கு இருப்பு எடுக்கும் நாள். தாமதமாக வீடு திரும்பினேன். நண்பர் இந்நேரம் இறங்கியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை ஒன்பது இருபதுக்கு அவர் மனைவி எங்கள் வீட்டு வாசலில் நின்றார். ஒரு கையில் குடை. மற்றதில், துண்டு சுற்றிக் கட்டிய பிளாஸ்க்.

“அண்ணா, அவரு பேசினாருங்களா?”

“வெள்ளிக்கிழமை பேசினதுதான் அம்மணி. நேத்தே எறங்கிட்டாருன்னு நெனச்சேன்.”

“எறங்கலைங்க. மலை ரோடு ரெண்டு எடத்துல சரிஞ்சு கெடக்குதாமா. பஸ்ஸு போகலை. மேல தபாலாபீசு போனும் வேலை செய்யலைங்க.”

என் மனைவி அவரை உள்ளே இழுத்து உட்காரவைத்துத் துவட்டத் துண்டு கொடுத்தாள். அவர் பிளாஸ்க்கைக் கீழே வைக்கவில்லை. நண்பருக்குச் சர்க்கரை நோய்; தினமும் காலையில் இன்சுலின் ஊசி போட்டாக வேண்டும். இது எனக்குத் தெரியும். மற்றதை அவர் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

“புது பாட்டிலு கொண்டுபோனா மலைமேல வெக்க பிரிஜ்ஜு இல்லை, கெட்டுருமுன்னு, தீரப்போறதை எடுத்துட்டுப் போனாருங்க. வெள்ளி, சனி, ரெண்டு நாளைக்குத்தான் வரும். கடையில இருந்ததும் கரண்டு இல்லாம வீணாப் போச்சு. அதுதான் சேலம் வந்து வாங்கி, ஐஸு போட்டு வெச்சிருக்கேன்.”

“மலைக்கு எப்படி அனுப்புவீங்க?”

“என்ற தம்பி அடிவாரத்துல காரவள்ளியில நிக்கறான். கால்வழியா ஏற ரெண்டு பேரைப் புடிச்சு வெச்சிருக்கான். ஆனா அவரு சோளக்காட்டுலயே இருக்காரா, கோயில் பக்கம் போய் மாட்டிக்கிட்டாரான்னு தெரியலீங்களே. கோயில் பக்கமுன்னா மலையச் சுத்திட்டுப் போயி, புளியஞ்சோலை வழியா ஏறோணும். வழி தப்பா ஏறுனா ஒரு நாளு போயிருமுங்க. உங்ககிட்டத்தான் பேசுவாருன்னு வந்தேன்.”

அவர் எங்கே இருக்கிறார் என்று ஒரு வார்த்தை தெரிந்தால் போதும். அந்த வார்த்தை என் மேசைமேல் இருக்கும் செட்டின் வழியாகத்தான் வர வேண்டும்.

செட்டை இயக்கி ஸ்கேன் போட்டேன். நண்பர் நான்காம் எண்ணில் நேராக வரலாம். அல்லது மலையிலிருந்து திருச்சிக்காரர் யாருக்காவது கேட்டு, அவர் எட்டாம் எண்ணில் எனக்குச் செய்தி சொல்லலாம். ஏற்காட்டில் ஒருவர் உண்டு. அவருக்கு ஆறாம் எண். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் காவல் காக்கத்தானே இந்த வசதி என்று அம்மணிக்கு விளக்கினேன். கொஞ்சம் பெருமையாகவே விளக்கினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எண்கள் ஓடின. பத்து மணி அடித்தது. ஒன்றும் இல்லை. பத்து இருபதுக்குச் சந்தேகம் வந்து சுற்றை நிறுத்தி, நான்காம் எண்ணைக் கையால் எடுத்துப் பார்த்தேன். அலைவரிசை அட்டையில் உள்ளபடி சரியாக இருந்தது. இரண்டு நிமிடம் கேட்டேன். அமைதி. திரும்ப ஸ்கேன் போட்டேன். அலைவரிசையைப் பார்த்த கண் பக்கத்தில் இருந்த புள்ளியைப் பார்க்கவில்லை.

பத்தே முக்காலுக்குச் சுற்று சட்டென்று நின்றது. மூவரும் எழுந்துவிட்டோம். ஏற்காடு ரோட்டில் போன மோட்டார் சைக்கிளின் எஞ்சின் தீப்பொறி கிளப்பிய இரைச்சல், படபடவென்று கேட்டுவிட்டு ஓய்ந்தது. அன்று அப்படி ஏழு முறை நின்றது. ஏழு முறையும் அம்மணியின் கை பிளாஸ்க்கின் மூடிக்குப் போனது.

பதினொன்று. ஏரியல் கேபிளில் தண்ணீர் இறங்கியிருக்குமோ என்று மொட்டைமாடிக்குப் போனேன். மழையில் ஏரியலைப் பிடித்துக் கொல்லிமலைப் பக்கம் இன்னும் கொஞ்சம் திருப்பினேன். இறங்கி வந்தபோது என் மனைவி சொன்னாள்:

“பத்து நெம்பரு சுத்தறதுக்கு ஒரு பொட்டி. அதைச் சுத்திச் சுத்தி வாரதுக்கு நீங்க. அங்க ஒரு மனுசன் ஊசி இல்லாம கெடக்கறாரு.”

பதினொன்றரைக்கு எட்டாம் எண்ணில் திருச்சிக்காரர் யாரோடோ பேசுவது விழுந்தது. குறுக்கே புகுந்து விஷயத்தைச் சொன்னேன். அவர் நான்காம் எண்ணின் அலைவரிசையைக் குறித்துக்கொண்டு, பன்னிரண்டரைக்குத் திரும்ப வந்தார். ஒன்றும் கேட்கவில்லை என்றார். நண்பர் இருந்த சரிவு சேலத்தைப் பார்த்தது. திருச்சிக்கு மலையே மறைத்திருந்தது. இது பின்னால் தெரிந்தது. அப்போது எனக்குத் தோன்றியது வேறு: இருவருக்குமே கேட்கவில்லை என்றால் அவருடைய செட் கெட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவரால் பேச முடியவில்லை. இரண்டாவதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஒரு மணியும் போனது. அம்மணி பிளாஸ்க்கைத் திறந்து பார்த்துவிட்டு, ஐஸ் பாதி கரைந்துவிட்டது என்றார். என் மனைவி சந்து முனைக்குப் போய் ஐஸ் வாங்கிவந்தாள். சாப்பாட்டை யாரும் தொடவில்லை. நான் ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மணி செட்டின் முகப்பில் ஓடும் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணி ஒன்று பத்து.

“அண்ணா, இதுல நாலு எங்கீங்க?”

“எதுல அம்மணி?”

“இந்தச் சின்ன நெம்பரு. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு ஓடுது. அப்புறம் அஞ்சு வந்துருது. நாலு வரவே மாட்டேங்குது. ரொம்ப நேரமாப் பாக்கறேன். அது அப்படித்தானுங்களா?”

நான் முகப்பைப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து. அடுத்த சுற்றும் அப்படியே. வெள்ளிக்கிழமை மாலை, பூஸ்டர் உறுமல், என் விரல், சாப்பிடக் கூப்பிட்ட குரல், எல்லாம் ஒரே கணத்தில் வந்தன. சுற்றை நிறுத்தி நான்கை எடுத்தேன். புள்ளி இருந்தது. அதை நீக்கினேன்.

“நாந்தான் அம்மணி. முந்தாநேத்து இரைச்சலுன்னு நாலை விட்டுட்டுச் சுத்தும்படி பண்ணினேன். எடுக்க மறந்துட்டேன். காலையிலருந்து அவரு கூப்பிட்டிருந்தாலும் இது நின்னிருக்காது.”

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். செட்டைத்தான் காட்டினார்.

“இப்பக் கேக்குமுங்களா?”

“கேக்கும்.”

நான்காம் எண்ணில் செட்டை நிறுத்தி வைத்து அழைத்தேன். பதில் இல்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அழைத்தேன். சுவர்க் கடிகாரத்தின் பெரிய முள் ஒன்று பத்திலிருந்து இரண்டுக்கு நகர்ந்த ஐம்பது நிமிடங்களைப் போல நீளமான நேரத்தை நான் அதற்குப் பிறகு அனுபவித்ததில்லை.

சரியாக இரண்டு மணிக்கு ஒலிபெருக்கி திறந்தது.

“…ஓ.எம்., ஓ.எம்., கேக்குதுங்களா? பத்து மணியிலருந்து மணிக்கு அஞ்சு நிமிசம் கூப்பிட்டுட்டு அணைச்சுருறேன். பேட்டரி தீரப்போகுது. ஓ.எம்., தூங்கறீங்களா?”

“கேக்குது ஓ.எம். நல்லாக் கேக்குது. எங்க இருக்கீங்க, எடத்தைச் சொல்லுங்க.”

“சோளக்காடு. அன்னிக்குச் சொன்ன அதே ஊடு. கோயில் பக்கம் போகவே இல்லை, ஒரே மழை. மருந்து தீந்துபோச்சுங்க. நேத்துக் காலையில போட்டதுதான். தாகமா இருக்குது, கால் தள்ளாடுது.”

உரிமம் இல்லாதவர் ஒலிவாங்கியில் பேசக் கூடாது என்பது விதி. நான் விதியை மீறி அறியாதவன். ஒலிவாங்கியை அம்மணியிடம் நீட்டினேன்.

“நாந்தானுங்க,” என்றார்.

பொத்தானை விடாமல் பிடித்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தார். நான் அவர் விரலைத் தட்டி விடச் சொன்னேன்.

“நீ எங்க அங்க போன?”

“மருந்து வாங்கியாச்சு, கொண்டாறேனுங்க. தாகத்துக்குக் காப்பி, கருப்பட்டின்னு குடிச்சீங்களா?”

“இல்லை.”

“குடிச்சிருந்தா நல்லாருக்காது, பாத்துக்குங்க. வெறுந்தண்ணியக் குடிங்க. ஊட்டை விட்டு எறங்காதீங்க. வாரேன்.”

இரண்டு ஆறுக்கு முடித்தோம். பதிவேட்டில் அந்த வரி இருக்கிறது. பதினைந்து நிமிடத்தில் வாடகைக் கார் பிடித்து அம்மணியை அனுப்பினேன். என்னால் செட்டை விட்டு நகர முடியாது. மூன்று மணிக்கு நண்பரிடமிருந்து குரல் வரவில்லை. பொத்தானை இருமுறை அழுத்திவிட்ட ‘டக் டக்’ மட்டும் வந்தது. நான்கு மணிக்கு அதுவும் இல்லை. பேட்டரிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஐந்தே முக்காலுக்குப் பக்கத்து வீட்டில் ஞாயிற்றுக்கிழமைப் படம் போட்டார்கள். நான்காம் எண்ணில் உறுமல் எழுந்தது. ஓடிப்போனேன். கூடம் நிறையத் தெருச்சனம் தரையில் உட்கார்ந்திருந்தது. பூஸ்டரைக் கொஞ்ச நேரம் அணைக்க முடியுமா என்று கேட்டேன்.

“ஏனுங்க, இப்பத்தான் எழுத்தே போடறான்,” என்றார் வீட்டுக்காரர். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, கேள்வி கேட்காமல் அணைத்தார். திரையில் படம் புள்ளிமழையானது. யாரும் முணுமுணுக்கவில்லை. ஆறிலிருந்து ஆறு பத்து வரை கேட்டேன். ஒன்றும் வரவில்லை. பக்கத்து வீட்டுக்குப் போய், பூஸ்டரைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

அம்மணி காரவள்ளி போய்ச் சேர்ந்தது நாலரைக்குப் பிறகு என்று மறுநாள் மில்லுக்கு வந்த போனில் தெரிந்தது. மழைக்கால இருட்டில் கரடி நடமாடும் வழி. அந்நேரத்துக்கு மேல் ஏற மாட்டோம் என்று ஆட்கள் சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்னதில் தவறில்லை. பத்து மணிக்கே இடம் தெரிந்திருந்தால் அன்று மாலையே மருந்து மேலே போயிருக்கும். திங்கட்கிழமை விடிந்து ஏறி, காலை எட்டரைக்கு நண்பரின் கையில் சேர்ந்தது. அதற்குள் அவர் வாந்தியெடுத்துத் துவண்டிருந்தார். செவ்வாயன்று தூளி கட்டிக் கீழே தூக்கிவந்தார்கள். நாமக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தார். பிழைத்துக்கொண்டார்.

அடுத்த மாதம் இருவரும் சேலம் வந்தார்கள். அவர் கழுத்து மெலிந்திருந்தது.

“அது என்னங்க ஓ.எம்., காத்தாலருந்து நாலு தடவை கூப்பிட்டது கேக்கலை, ரெண்டு மணிக்கு மட்டும் கணீருன்னு கேட்டிருக்குது?”

நான் வாயைத் திறக்கும் முன் அம்மணி சொன்னார்: “மழைங்க. அண்ணா மாடியில ஏறி நனைஞ்சுட்டு ஏரியலைத் திருப்பினாரு. அப்புறந்தான் கேட்டுது.”

அவர் சொன்னதில் பாதி உண்மை. நான் மீதிப் பாதியைச் சொல்லவில்லை. அவர்கள் போன பிறகு சுவரில் ஒட்டியிருந்த அட்டையில் நான்காம் கட்டத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அமெச்சூர்களிடம் இன்னொரு வழக்கம் உண்டு. முக்கியமான ஒவ்வொரு பேச்சுக்கும் இருவரும் அத்தாட்சிக் கார்டு அனுப்பிக்கொள்வோம். நாள், நேரம், அலைவரிசை, குரலின் தரம், கீழே ‘குறிப்பு’ என்று ஒரு வரி. அவருடைய கார்டு தபாலில் வந்தது. ஞாயிறு, இரண்டு மணி, நான்காம் எண். குறிப்பில், ‘மறக்க மாட்டேன், நன்றி’ என்று எழுதியிருந்தார். என் கார்டு நான்கு நாள் மேசையில் கிடந்தது. கார்டில் பொய் எழுதினால் அந்தப் பேச்சே நடக்காததற்குச் சமம் என்பது எங்கள் கணக்கு. ஐந்தாம் நாள் குறிப்பில் எழுதினேன்: ‘வெள்ளி மாலை முதல் நான்காம் எண்ணை ஸ்கேன் தாண்டிக்கொண்டிருந்தது. தாண்டவைத்து மறந்தவன் நான். 10, 11, 12, 1 மணி அழைப்புகள் கேட்காததற்கு அதுவே காரணம், மழை அல்ல. கண்டுபிடித்தவர் உங்கள் வீட்டம்மா.’ தபால்பெட்டியில் போட்டபின் திருப்பி எடுக்க முடியாதா என்று சிறிது நேரம் அங்கேயே நின்றேன்.

ஆறு வாரம் பதில் இல்லை. ஏழாம் வாரம் நானே சேந்தமங்கலம் பஸ் ஏறினேன். கடையில் மருந்து அலமாரிக்கு மேல், சுவர் முழுக்க அவருக்கு வந்த கார்டுகளை ஒட்டியிருப்பார். நண்பர் உள்ளே ஏதோ எடுத்துக்கொண்டிருந்தார். அம்மணி கல்லாவில் இருந்தார். என் கார்டைத் தேடினேன். நடுவில் இருந்தது. உரிமத்தில் எனக்குக் கொடுத்த அழைப்புக்குறி அச்சிட்ட பக்கம் வெளியே; நான் எழுதிய பக்கம் சுவரோடு கோந்து போட்டு ஒட்டியிருந்தது. கார்டைக் கிழிக்காமல் இனி யாரும் அதைப் படிக்க முடியாது.

“படிச்சாருங்களா?” என்று மெல்லக் கேட்டேன்.

“படிச்சாரு. ரெண்டு நாளு எங்கூடவும் பேசலைங்க. அப்புறம் அவரே கோந்து எடுத்துட்டு வந்தாரு.”

நண்பர் வெளியே வந்து, என்னைப் பார்த்துவிட்டு, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

“வாங்க ஓ.எம். தை பொறந்ததும் மறுபடி மலைக்குப் போலாமுன்னு இருக்கேன். ரோடு போட்டாச்சு. நாலுல இருப்பீங்கல்ல?”

“இந்தத் தடவ ரெண்டு பாட்டிலு எடுத்துட்டுப் போறாருங்க,” என்றார் அம்மணி. சிரிக்கவில்லை.

“இருப்பேன்,” என்றேன்.

தை மாதம் அவர் போன மூன்று நாளும் மில்லுக்கு விடுப்பு எழுதிக் கொடுத்தேன். ஸ்கேன் போடவில்லை. செட்டை நான்காம் எண்ணில் நிறுத்திவைத்து, புள்ளி இல்லை என்று ஒவ்வொரு மணிக்கும் பார்த்துப் பதிவேட்டில் எழுதினேன். அதற்கு அங்கே கட்டம் இல்லை; ஓரத்தில் நானே ஒரு கோடு இழுத்துக்கொண்டேன்.